பீரியட்ஸ் கோளாறுகள்: எது இயல்பு, எது நோய்? கர்ப்பப்பையை எடுக்கும் முன் என்னென்ன சிகிச்சைகள் இருக்கு?

"பொறுத்துக்கோம்மா, எல்லாப் பொம்பளைங்களுக்கும் இருக்கிறதுதான்." வயிற்று வலியில் சுருண்டு படுக்கும் பள்ளி மாணவிக்கு வீட்டில் பெரும்பாலும் கிடைக்கும் பதில் இது. அதே பெண் 40 வயதை நெருங்கும்போது, மாதத்தில் பத்து நாள் ரத்தப்போக்கு என்று போய் நின்றால் பதில் மாறிவிடுகிறது. "குழந்தை பெத்தாச்சு, இனி எதுக்கு? கர்ப்பப்பையை எடுத்துடலாம்."

இந்த இரண்டு பதில்களுக்கும் நடுவில் மாத்திரை, ஹார்மோன், காயில், சிறிய அறுவை சிகிச்சை என்று பல வழிகள் இருக்கின்றன. பலருக்கு அவை இருப்பதே தெரிவதில்லை. மாதவிடாய் கோளாறுகள் என்னென்ன, எப்போது டாக்டரைப் பார்க்க வேண்டும், என்ன சிகிச்சை கேட்கலாம்? இந்தத் தொகுப்பில் பார்க்கலாம்.

முதலில், எது இயல்பு?

28 நாளுக்கு ஒருமுறை டாண்ணு வந்தால்தான் இயல்பு என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. வளர்ந்த பெண்களுக்கு 24 முதல் 38 நாளுக்குள் வந்தால் இயல்புதான். ரத்தப்போக்கு 8 நாள் வரை இருக்கலாம். ஒரு மாதத்துக்கும் அடுத்த மாதத்துக்கும் ஏழெட்டு நாள் முன்னே பின்னே ஆவதும் பிரச்சினை இல்லை.

புதிதாக வயசுக்கு வந்த பெண்களுக்குக் கணக்கு வேறு. முதல் இரண்டு, மூன்று ஆண்டுகளில் 21 முதல் 45 நாள் இடைவெளி வரை இருக்கலாம். சினைப்பையும் மூளையிலிருந்து வரும் ஹார்மோன் உத்தரவுகளும் ஒத்துப்போகக் கொஞ்சம் காலம் எடுக்கும்.

நாளை எண்ணும்போது ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். ரத்தப்போக்கு தொடங்கும் நாள்தான் முதல் நாள். அங்கிருந்து அடுத்த முறை தொடங்கும் நாள் வரை எண்ண வேண்டும். நின்ற நாளிலிருந்து எண்ணினால் கணக்கு தப்பாகும்.

1. அதிக ரத்தப்போக்கு

ஒரு மாதவிடாயில் சராசரியாக 30 முதல் 40 மில்லி ரத்தம் வெளியேறும். 80 மில்லியைத் தாண்டினால் அதிகம் என்று மருத்துவப் புத்தகங்கள் சொல்கின்றன. வீட்டில் யாரும் மில்லி கணக்கில் அளக்க முடியாது. அதனால் இந்த அறிகுறிகளைப் பாருங்கள்:

- ஒரு மணி, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பேட் மாற்ற வேண்டியிருக்கிறது
- ஒரே நேரத்தில் இரண்டு பேட் வைக்க வேண்டியிருக்கிறது
- ராத்திரி எழுந்து மாற்றுகிறீர்கள், படுக்கையில் கறை படுகிறது
- ஐந்து ரூபாய் நாணய அளவுக்கோ அதைவிடப் பெரிதாகவோ கட்டி கட்டியாக ரத்தம் போகிறது
- 8 நாளுக்கு மேல் நீடிக்கிறது
- அந்த நாட்களில் வேலைக்கோ கல்லூரிக்கோ போக முடியவில்லை

இதில் ஒன்று இருந்தாலும் டாக்டரைப் பார்க்கலாம். மாதாமாதம் இப்படிப் போனால் உடம்பில் இரும்புச்சத்து தீர்ந்துவிடும். படி ஏறினால் மூச்சு வாங்குவது, முடி கொட்டுவது, எப்போதும் அசதி, சிலருக்கு சாக்பீஸ், பச்சரிசி சாப்பிடத் தோன்றுவது எல்லாம் ரத்தசோகையின் அடையாளங்கள். 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருக்கிறது. இந்திய அளவில் 57 சதவீதம். சாப்பாட்டில் சத்துக் குறைவு பெரிய காரணம். மாதவிடாயில் போகும் ரத்தமும் அதில் ஒரு காரணம் என்பது பல வீடுகளில் கணக்கிலேயே வருவதில்லை.

ஏன் அதிகமாகப் போகிறது?

காரணங்களை இரண்டு வகையாகப் பிரிக்கலாம். முதல் வகை, ஸ்கேனிலோ திசுப் பரிசோதனையிலோ கண்ணுக்குத் தெரிபவை. கர்ப்பப்பைக்குள் வளரும் பாலிப் என்ற சதை, ஃபைப்ராய்டு எனப்படும் தசைக்கட்டி, கர்ப்பப்பையின் உள்சவ்வு தசைக்குள் ஊடுருவி வளரும் அடினோமயோசிஸ், அரிதாகப் புற்றுநோய். ஃபைப்ராய்டு என்றதும் பயப்பட வேண்டாம். பெரும்பாலும் அது புற்றுநோய் இல்லாத கட்டிதான். தொந்தரவு தராத சிறிய கட்டிக்குச் சிகிச்சையே தேவைப்படாது.

இரண்டாவது வகை, ஸ்கேனில் தெரியாதவை. கருமுட்டை சரியாக வெளியேறாதது, தைராய்டு கோளாறு, ரத்தம் உறைவதில் குறைபாடு, ரத்தத்தை இளக்கும் மருந்துகள், சிலருக்குக் காப்பர்-டி. அதனால் "ஸ்கேன் நார்மல், ஒண்ணும் இல்லை" என்று சொல்லி அனுப்பினால் விஷயம் முடிந்துவிடாது. ரத்தப் பரிசோதனையும் முக்கியம்.

வயசுக்கு வந்ததிலிருந்தே அதிகமா போகுதா?

இதைத் தனியாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. பின்லாந்து மருத்துவர் எரிக் வான் வில்லிபிராண்ட் 1926-ல் ஒரு பரம்பரை ரத்தக்கசிவு நோயை முதன்முதலாக விவரித்தார். பால்டிக் கடலில் உள்ள ஓலாந்து தீவைச் சேர்ந்த ஒரு சிறுமியும் அவள் குடும்பமும்தான் அந்த ஆய்வின் மையம். அந்தச் சிறுமி 13 வயதில், தன் நான்காவது மாதவிடாயின்போது ரத்தம் நிற்காமல் இறந்துபோனாள்.

இன்று அந்த நோய்க்கு அந்த மருத்துவரின் பெயரே இருக்கிறது. மருந்தும் இருக்கிறது. ஆனாலும் முதல் மாதவிடாயிலிருந்தே அதிக ரத்தப்போக்கு, அடிக்கடி மூக்கில் ரத்தம் வருவது, பல் பிடுங்கினால் ரத்தம் நிற்காதது, லேசாக இடித்தாலே கன்றிப்போவது ஆகியவை சேர்ந்து இருந்தால், அல்லது அம்மா, அக்கா, தங்கை யாருக்காவது இப்படி இருந்தால், டாக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். "எங்க குடும்பத்துல எல்லாருக்கும் இப்படித்தான்" என்பதுதான் இங்கே மிக முக்கியமான துப்பு.

சிகிச்சை என்ன?

கேன்சரோ பெரிய கட்டியோ இல்லாதபோது பெரும்பாலும் மருந்துதான் முதல் படி.

டிரானெக்ஸாமிக் அமிலம்: ரத்தம் போகும் நாட்களில் மட்டும் சாப்பிடும், ஹார்மோன் இல்லாத மாத்திரை. ஜப்பானிய மருத்துவ ஆய்வாளர் உடாகோ ஒகாமோட்டோவும் அவர் கணவரும் 1960-களில் உலகுக்குக் கொடுத்த மருந்து இது. பிரசவத்துக்குப் பின் வரும் ரத்தப்போக்கை நிறுத்தவும் இன்று பயன்படுகிறது. கால் நரம்பிலோ நுரையீரலிலோ முன்பு ரத்தம் உறைந்தவர்கள் இதைச் சாப்பிடக்கூடாது.

மெஃபனாமிக் அமிலம்: வலியைக் குறைப்பதோடு ரத்தப்போக்கையும் ஓரளவு குறைக்கும்.

ஹார்மோன் மாத்திரைகள்: "கருத்தடை மாத்திரையை என் பொண்ணுக்கு ஏன் கொடுக்கறீங்க?" என்று தாய்மார்கள் பதறுவது வழக்கம். இங்கே அது சுழற்சியைச் சீராக்கவும் உள்சவ்வு தடிக்காமல் பார்க்கவும் தரப்படும் மருந்து. நிறுத்தினால் கருத்தரிக்கும் திறன் திரும்பிவிடும். 35 வயதுக்கு மேல் புகைப்பவர்கள், கட்டுப்படாத பிபி உள்ளவர்கள், கண்ணில் பளிச் பளிச்சென்று ஒளி தெரிந்து ஒற்றைத் தலைவலி வருபவர்களுக்கு ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரை ஆகாது.

ஓர்மெலாக்ஸிஃபீன்: லக்னோவில் உள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிலையம் கண்டுபிடித்த இந்திய மாத்திரை. அரசு குடும்ப நலத் திட்டத்தில் 'சாயா' என்ற பெயரில் கருத்தடைக்காகத் தரப்படுவதும் இதே மருந்துதான். அதிக ரத்தப்போக்குக்கும் டாக்டர்கள் பரிந்துரைக்கிறார்கள்.

ஹார்மோன் காயில்: கர்ப்பப்பைக்குள் வைக்கும் சின்னக் கருவி. காப்பர்-டி போலத் தோன்றினாலும் வேலை நேர் எதிர். காப்பர்-டி சிலருக்கு ரத்தப்போக்கைக் கூட்டும், இது குறைக்கும். குறைந்தது ஐந்து ஆண்டு வேலை செய்யும். முதல் சில மாதம் சொட்டுச் சொட்டாக ரத்தம் படலாம். பிறகு சிலருக்கு மாதவிடாயே வராமல் போகலாம். கெட்ட ரத்தம் உள்ளே தேங்குகிறது என்று பயப்பட வேண்டாம். உள்சவ்வு மெலிந்துவிடுவதால் வெளியேற ஒன்றும் இருப்பதில்லை.

கூடவே இரும்புச்சத்து மாத்திரை. இதை டீ, காபியோடு சாப்பிட்டால் உடம்பில் சரியாகச் சேராது. எலுமிச்சை ஜூஸ், நெல்லிக்காய் நல்லது. மலம் கறுப்பாகப் போனால் பயந்து நிறுத்தாதீர்கள், அது இயல்பு. ஹீமோகுளோபின் சரியான பிறகும் சுமார் மூன்று மாதம் தொடர வேண்டும்.

மருந்து போதவில்லை என்றால் பாலிப்பை மட்டும் எடுக்கலாம், ஃபைப்ராய்டை மட்டும் எடுக்கலாம், கட்டிக்குப் போகும் ரத்தக்குழாயை அடைக்கலாம். இனி குழந்தை வேண்டாம் என்பவர்களுக்கு உள்சவ்வை மட்டும் சுட்டு நீக்கும் சிகிச்சையும் உண்டு. இவ்வளவுக்கும் பிறகுதான் கர்ப்பப்பையை எடுக்கும் பேச்சு வர வேண்டும்.

2. வலி: எது வரை தாங்கணும்?

மாதவிடாயின்போது கர்ப்பப்பையில் புரோஸ்டாகிளாண்டின் என்ற ரசாயனம் சுரக்கிறது. அது தசையை இறுக்கிப் பிடிக்க வைக்கிறது. அதனால்தான் வலி, வாந்தி, வயிற்றுப்போக்கு எல்லாம். மெஃபனாமிக் அமிலம், ஐபுப்ரோஃபென் போன்ற மாத்திரைகள் அந்த ரசாயனம் சுரப்பதையே தடுக்கின்றன. எனவே வலி உச்சத்துக்குப் போகும் வரை காத்திருந்து போடுவதைவிட, வலி தொடங்கும்போதே சாப்பாட்டுக்குப் பின் போட்டால் நன்றாக வேலை செய்யும். வெந்நீர் ஒத்தடமும் உண்மையிலேயே பலன் தரும்.

அல்சர், சிறுநீரகப் பிரச்சினை, ஆஸ்துமா இருப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் இந்த மாத்திரைகளைப் போடக்கூடாது. மெஃபனாமிக் அமிலம் அரிதாகக் கடுமையான ஒவ்வாமையை உண்டாக்கலாம் என்று 2023 இறுதியில் இந்திய மருந்தியல் ஆணையம் எச்சரித்தது. மாத்திரை போட்ட சில நாள், சில வாரங்களில் காய்ச்சல், உடம்பெல்லாம் தடிப்பு, நெறிகட்டுதல் வந்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே டாக்டரைப் பார்க்க வேண்டும்.

என்ன மாத்திரை என்று தெரியாமல் வாங்கிப் போடுவதும் ஆபத்து. தமிழ்நாட்டின் ஆயத்த ஆடை ஆலைகளில் வேலை பார்க்கும் பெண்களுக்கு மாதவிடாய் வலிக்கு லேபிள் இல்லாத மாத்திரைகள் தரப்பட்டதை 2019-ல் தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளை சுமார் 100 பெண்களிடம் பேசி வெளிக்கொண்டு வந்தது. கூலி போய்விடும் என்ற பயத்தில் அவர்கள் அதைச் சாப்பிட்டார்கள். யார் கொடுத்தாலும் அட்டையில் மருந்தின் பெயரும் காலாவதி தேதியும் இருக்கிறதா என்று பாருங்கள்.

மாத்திரைக்கும் கேட்காத வலி

ஆண்டுக்கு ஆண்டு கூடும் வலி, மாதவிடாய்க்கு முன்பே தொடங்கும் வலி, மலம் கழிக்கும்போதோ தாம்பத்யத்தின்போதோ வலி, இவற்றோடு குழந்தைப்பேறு தள்ளிப்போவது. இவை எண்டோமெட்ரியோசிஸாக இருக்கலாம். கர்ப்பப்பைக்குள் இருக்க வேண்டிய சவ்வு போன்ற திசு சினைப்பை, குடல் பக்கமெல்லாம் வளர்வதுதான் இந்த நோய். உலகில் குழந்தை பெறும் வயதுப் பெண்களில் சுமார் 10 சதவீதம் பேருக்கு, அதாவது 19 கோடி பேருக்கு இது இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது.

ஆரம்பத்தில் சாதாரண ஸ்கேனில் இது தெரியாமல் போகலாம். நோயைக் கண்டுபிடிக்கவே பல ஆண்டுகள் ஆகின்றன. "கல்யாணம் ஆனா சரியாயிடும், குழந்தை பிறந்தா போயிடும்" என்ற ஆறுதல் அந்தத் தாமதத்தை இன்னும் நீட்டுகிறது. டையனோஜெஸ்ட் போன்ற ஹார்மோன் மாத்திரை, ஹார்மோன் காயில், தேவைப்பட்டால் லேப்ராஸ்கோபி ஆகியவை சிகிச்சைகள். முழுதாகக் குணமாக்க முடியாவிட்டாலும் வலியைக் கட்டுக்குள் வைக்க முடியும்.

3. தள்ளித் தள்ளி வருவது: பிசிஓஎஸ்

'நீர்க்கட்டி' என்று ஊரெல்லாம் பேசப்படும் பிரச்சினை இது. பெயரே பாதி பயத்தை உண்டாக்குகிறது. ஸ்கேனில் தெரிபவை வெட்டி எடுக்க வேண்டிய கட்டிகள் இல்லை. முழு வளர்ச்சி அடையாமல் பாதியில் நின்ற கருமுட்டைப் பைகள். உலகில் 8 முதல் 13 சதவீதப் பெண்களுக்கு பிசிஓஎஸ் இருப்பதாகக் கணக்கிடப்படுகிறது.

ஸ்கேன் ரிப்போர்ட் ஒன்றை மட்டும் வைத்து இதை முடிவு செய்யக்கூடாது. ஒழுங்கற்ற மாதவிடாய், ஆண் ஹார்மோன் அதிகம் என்பதற்கான அடையாளம், ஸ்கேனில் அந்தத் தோற்றம் ஆகிய மூன்றில் இரண்டாவது இருக்க வேண்டும். முகத்தில் முடி, அடங்காத பரு, உச்சந்தலையில் முடி கொட்டுவது ஆகியவை ஆண் ஹார்மோன் அதிகம் என்பதைக் காட்டும். வயசுக்கு வந்து 8 ஆண்டு ஆகாத பெண்களுக்கு ஸ்கேனை வைத்து பிசிஓஎஸ் என்று சொல்லக்கூடாது என்கிறது 2023-ல் வந்த சர்வதேச வழிகாட்டுதல். அந்த வயதில் சினைப்பை இயல்பாகவே அப்படித்தான் தெரியும்.

உடல் எடை அதிகம் உள்ளவர்களுக்கு 5 முதல் 10 சதவீத எடை குறைந்தாலே மாதவிடாய் சீராக வாய்ப்பு உண்டு. ஒல்லியானவர்களுக்கும் பிசிஓஎஸ் வரும் என்பதால் எல்லாப் பழியையும் எடை மேல் போட முடியாது. ஹார்மோன் மாத்திரை, சர்க்கரையைச் சமாளிக்க மெட்ஃபார்மின், குழந்தை வேண்டும் என்பவர்களுக்குக் கருமுட்டை வெளியேற உதவும் லெட்ரோசோல் என்று தேவைக்கு ஏற்ப சிகிச்சை மாறும்.

மூன்று மாதத்துக்கு மேல் மாதவிடாய் வராமலே இருப்பது, "நல்லதுதானே, தொல்லை இல்லை" என்று விடக்கூடிய விஷயம் இல்லை. பிசிஓஎஸ் உள்ளவர்களுக்குக் கர்ப்பப்பையின் உள்சவ்வு உதிராமல் தடித்துக்கொண்டே போகும். பல ஆண்டுகள் இப்படியே போனால் கர்ப்பப்பைப் புற்றுநோய் ஆபத்து கூடும். மாத்திரை கொடுத்து மாதவிடாயை வரவழைப்பது இதற்காகத்தான்.

4. வரவே இல்லை என்றால்

15 வயதாகியும் வயசுக்கு வரவில்லை என்றாலும், சீராக வந்துகொண்டிருந்து மூன்று மாதம் வரவில்லை என்றாலும் பரிசோதனை தேவை. முதலில் கர்ப்பமா என்று பார்க்க வேண்டும். அடுத்து தைராய்டு, புரோலாக்டின் ஹார்மோன். சாப்பாட்டைப் பெரிதும் குறைப்பது, கடும் உடற்பயிற்சி, தீராத மன அழுத்தம் ஆகியவையும் மாதவிடாயை நிறுத்தும்.

நம் நாட்டில் மறந்துவிடக்கூடாத இன்னொரு காரணம் காசநோய். காசநோய் நுரையீரலில் மட்டும் வருவதில்லை. கர்ப்பப்பையைத் தாக்கினால் இருமல் எதுவும் இல்லாமலே மாதவிடாய் குறைந்து, நின்று, குழந்தைப்பேறும் தடைபடலாம்.

கோயிலுக்குப் போகணும், தள்ளிப்போட மாத்திரை போடலாமா?

திருவிழா, கல்யாணம் என்றால் மெடிக்கலில் கேட்டு வாங்கும் இந்த மாத்திரை பெரும்பாலும் நோரெதிஸ்டிரோன். எப்போதோ ஒருமுறை, டாக்டர் சொன்னபடி போட்டால் பெரும்பாலானோருக்கு ஆபத்து இல்லை. ரத்தம் உறைந்த வரலாறு, கல்லீரல் நோய், அதிக உடல் எடை உள்ளவர்கள் தாங்களாக வாங்கிப் போடக்கூடாது. மாத்திரை போடும் நாட்களில் ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ திடீர் மூச்சுத்திணறல் வந்தாலோ உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

கர்ப்பப்பையை எடுக்கச் சொன்னால்?

மகாராஷ்டிராவின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டும் பெண்கள் ஆயிரக்கணக்கில் கர்ப்பப்பையை எடுத்திருந்த விவரம் 2019-ல் நாட்டையே உலுக்கியது. ஒரு நாள் வேலைக்கு வராவிட்டால் அபராதம், கரும்புத் தோட்டத்தில் கழிப்பறை கிடையாது. வெள்ளைப்படுதல், ரத்தப்போக்கு என்று போனவர்களுக்கு 'எடுத்துடலாம்' என்பதே முதல் சிகிச்சையாக இருந்தது. தேவையில்லாத கர்ப்பப்பை நீக்கங்களைக் கண்காணிக்க மத்திய அரசின் வழிகாட்டுதலைப் பின்பற்றும்படி 2023-ல் உச்ச நீதிமன்றம் மாநிலங்களுக்கு உத்தரவிட்டது.

கேன்சர், மற்ற சிகிச்சைகளுக்குக் கட்டுப்படாத ரத்தப்போக்கு, மிகப் பெரிய கட்டிகள் ஆகியவற்றுக்கு இந்த அறுவை சிகிச்சை சரியான முடிவாக இருக்கலாம். அதைச் செய்துகொண்டு நிம்மதியாக இருக்கும் பெண்களும் ஏராளம். ஆனால் 40 வயதுக்குள், அதிலும் சினைப்பையையும் சேர்த்து எடுத்தால், எலும்புத் தேய்மானமும் இதய நோயும் சீக்கிரம் வரும் ஆபத்து உண்டு. சம்மதிக்கும் முன் இந்த நான்கு கேள்விகளைக் கேளுங்கள்:

- எனக்கு என்ன நோய்? ரிப்போர்ட்டில் அது எங்கே இருக்கிறது?
- மாத்திரையோ ஹார்மோன் காயிலோ எனக்கு ஏன் பொருந்தாது?
- சினைப்பையையும் எடுக்கப் போகிறீர்களா? ஏன்?
- ஒரு மாதம் தள்ளிப்போட்டால் என்ன ஆகும்?

நெருக்கடி நிலை இல்லாதபோது இன்னொரு டாக்டரின் கருத்தைக் கேட்பது உங்கள் உரிமை.

இதெல்லாம் தள்ளிப்போடவே கூடாது

- மாதவிடாய் முழுதாக நின்று ஓராண்டுக்குப் பின் ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும்
- தாம்பத்யத்துக்குப் பின் ரத்தம் வந்தாலும், நடு மாதத்தில் அடிக்கடி வந்தாலும். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கான பரிசோதனை தமிழ்நாட்டின் அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசம்
- மணிக்கு ஒரு பேட் வீதம் தொடர்ந்து இரண்டு மணி நேரத்துக்கு மேல் நனைந்தாலோ, தலைசுற்றி மயக்கம் வந்தாலோ
- நாள் தள்ளிப்போய், ஒரு பக்க அடிவயிற்றில் கடும் வலியோடு ரத்தம் வந்தால். கரு குழாயில் தங்கியிருக்கலாம். 108-ஐ அழையுங்கள்
- மாதவிடாய்க்கு முந்தைய வாரம் ஒவ்வொரு முறையும் தாங்க முடியாத மனச்சோர்வு, வாழவே பிடிக்காத எண்ணம். இதற்கும் மருந்து உண்டு. 14416 என்ற இலவச மனநல உதவி எண்ணில் தமிழிலும் பேசலாம்

டாக்டரிடம் போகும் முன்

காலண்டரில் மூன்று மாதம் குறித்து வையுங்கள். தொடங்கிய தேதி, நின்ற தேதி, ஒரு நாளைக்கு எத்தனை பேட், கட்டி போனதா, வலிக்கு 10-க்கு எவ்வளவு, போட்ட மாத்திரையின் பெயர். இவ்வளவுதான். ரத்தப்போக்கு அதிகமாக இருந்தால் மூன்று மாதம் காத்திருக்க வேண்டாம், இருக்கும் குறிப்போடு போகலாம். போன் ஆப்பிலும் குறிக்கலாம், சமையலறைக் காலண்டரிலும் குறிக்கலாம். "ரொம்பப் போகுது டாக்டர்" என்பதைவிட "ஒன்பது நாள், ஒரு நாளைக்கு எட்டு பேட்" என்று சொன்னால் சிகிச்சை சீக்கிரம் தொடங்கும்.

சந்தேகங்களுக்குத் தமிழ்நாடு அரசின் 104 மருத்துவ உதவி எண்ணை எந்த நேரத்திலும் அழைக்கலாம்.

வீட்டில் பெண் குழந்தை இருந்தால் அவள் காலண்டரையும் பாருங்கள். அவளுக்கு எது இயல்பு என்று தெரியாது. கேட்டால்தான் சொல்வாள்.

(பொதுவான தகவலுக்காக மட்டுமே இந்தக் கட்டுரை. மருந்துகளை டாக்டரின் ஆலோசனையுடன் மட்டும் எடுத்துக்கொள்ளவும்.)